மனநல டாக்டரிடம் எப்போது போக வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்து, சிகிச்சை எடுத்து, இன்று ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதும் ஒருவனுடைய அக்கா. அவனை முதல்முறை டாக்டரிடம் அழைத்துப் போவதற்குள் எங்கள் வீட்டில் எட்டு மாதம் ஓடிவிட்டது. அத்தனை நாளும் ‘இது நோயா, இல்லையா’ என்று எங்களுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தோம். அந்தக் கேள்விக்கு விடை சொல்வது டாக்டர் வேலை, கொண்டுபோய்க் காட்டுவது மட்டும்தான் எங்கள் வேலை என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அதன்பிறகு ஓ.பி. வரிசையிலும் போனிலும் பல குடும்பங்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதும் பதில்களில் கலந்திருக்கும்.

மனசு சரியில்லாமல் போவது எல்லோருக்கும் வருவதுதானே? எப்போது டாக்டரைப் பார்ப்பது?

வருவதுதான். கடன் தொல்லை, மாமியார் சண்டை, ஆபீஸில் திட்டு என்று நாலு நாள் முகம் வாடிக் கிடந்து, ஐந்தாம் நாள் எழுந்து வேலையைப் பார்த்தால் அது வாழ்க்கை. கவனிக்க வேண்டியது, எழ முடியாமல் போவதை. மனச்சோர்வுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டிருக்கும். இல்லையென்றால் எதிலும் நாட்டம் இருக்காது. கூடவே தூக்கம், பசி, உடல் தெம்பு, கவனம் ஆகியவையும் கெட்டிருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அவர் வழக்கமாகச் செய்கிற சின்ன வேலையைப் பாருங்கள். தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர் வெறும் தண்ணீரைத் தெளித்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறார். காலையில் பேப்பர் வந்ததும் பறிக்கிறவர் அதை மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறார். தலை பின்னுவது, முகச்சவரம் செய்வது எல்லாம் தள்ளிப் போகின்றன. ‘சோம்பேறித்தனம்’ என்று நாம் திட்டும் பல விஷயங்கள் இந்த வகைதான். இப்படி இரண்டு வாரம் போனால் காட்டிவிடுங்கள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் ஒரு காலைப்பொழுதுதான் செலவு.

எனக்கு மனசில் ஒன்றும் இல்லை. உடம்புதான் படுத்துகிறது. எல்லா டெஸ்டும் நார்மல் என்கிறார்கள். என்ன செய்வது?

நம் ஊரில் மனம் பெரும்பாலும் உடம்பின் வாயால்தான் பேசும். நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது, கை கால் எரிகிறது, வயிற்றைப் புரட்டுகிறது, பிடரியில் இழுக்கிறது. ஓ.பி. வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா மஞ்சள் பை நிறைய ஸ்கேனும் இ.சி.ஜி.யும் வைத்திருந்தார். மூன்று வருடம் நெஞ்செரிச்சலுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார். “ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?” என்று டாக்டர் கேட்டதும், “மூணு மணிக்குங்க” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். அதுவரை அவரிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

உடம்பை முதலில் பார்ப்பது சரிதான். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். முதல்முறை நெஞ்சுவலியும் படபடப்பும் வந்தால் இதயத்தைச் சோதித்தே ஆக வேண்டும். ஆனால் எல்லாம் பார்த்த பிறகும் தொல்லை தொடர்ந்தால் ஐந்தாவது ஸ்கேனுக்குப் போகாமல் மனநல மருத்துவரிடம் போங்கள். வலி பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. வலி நிஜம், அது புறப்படும் இடம் வேறு.

அப்பா இறந்து நான்கு மாதம். அம்மா இன்னும் அழுதுகொண்டே இருக்கிறார். இது நோயா?

அழுவதால் மட்டும் நோய் ஆகிவிடாது. பதினாறாம் நாள் காரியத்தோடு துக்கம் முடிந்துவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. துக்கம் அலை மாதிரி வரும். அவர் செருப்பைப் பார்த்தால் வரும், அவருக்குப் பிடித்த குழம்பு கொதிக்கும்போது வரும். நடுவில் பேரன் ஓடி வந்து மடியில் விழுந்தால் முகம் மலரும். அந்த மலர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே அவரைத் தொடவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உடல் இளைத்துக்கொண்டே போகிறது, ‘நான் கவனிச்சிருந்தா பிழைச்சிருப்பார்’ என்று தன்னையே குற்றம் சொல்கிறார், ‘நானும் போயிடணும்’ என்கிறார் என்றால் காத்திருக்க வேண்டாம்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளவே கூடாதவை எவை?

தற்கொலைப் பேச்சு, அதற்கான ஏற்பாடு. அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

குழந்தை பெற்ற சில நாள்களுக்குள் தாய்க்குத் தூக்கமே இல்லாமல், பேச்சு மாறி, சந்தேகமும் பயமும் வந்து, குழந்தையை ‘இது என் குழந்தை இல்லை’ என்று சொல்வது. கிராமத்தில் இதை ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்பார்கள். இது அவசர நிலை. தாயையும் சேயையும் தனியாக விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சரியான வைத்தியத்தில் நன்றாகத் தேறிவிடக்கூடிய நோயும் இதுதான். பிரசவத்துக்குப் பின் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது வேறு. அது பல தாய்மாருக்கு வந்து இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். அடங்கவில்லை என்றால் அதையும் காட்டுங்கள்.

வயதானவர் நேற்றுவரை தெளிவாக இருந்து, இன்று திடீரென்று ஆள் தெரியாமல் பிதற்றுவது. இதை மனநோய் என்று எண்ணி வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்குவது, பக்கவாதம் என்று உடம்புக் காரணம் ஏதாவது பெரும்பாலும் இருக்கும். பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்திய இரண்டு மூன்று நாள்களில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுவது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் குடியை விட்டவர்கள் வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். விடுவது நல்லது, அதிகமாகக் குடித்தவர் டாக்டர் மேற்பார்வையில் விட வேண்டும்.

சாப்பாடு, தண்ணீர் இரண்டையும் மறுத்துச் சிலைபோல் இருப்பது, ஆயுதம் எடுத்து யாரையாவது தாக்க வருவது ஆகியவையும் இதில் சேரும். 108-க்கு அழையுங்கள்.

‘செத்துப் போறேன்’ என்று அடிக்கடி சொல்கிறார். சும்மா மிரட்டுகிறாரா?

சும்மா என்று எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. சொல்கிறவர் செய்யமாட்டார் என்பது நம் ஊரில் நிறையப் பேர் நம்பும் தப்பான எண்ணம். நேரடியாகக் கேளுங்கள்: “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” கேட்டால் இல்லாத யோசனையை நாமே கொடுத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்டால் பெரும்பாலும் நெஞ்சில் அடைத்திருந்தது வெளியே வரும். வரும்போது ‘உனக்கு என்ன குறை, ரெண்டு பிள்ளை இருக்கே’ என்று ஆரம்பிக்காமல் காது கொடுங்கள்.

பிறகு செய்ய வேண்டியவை சில. அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். அந்த வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணியும். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருப்பது உயிரைக் காப்பாற்றும். அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சாமான்களைப் பங்கிட்டுக் கொடுப்பது, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது, நெடுநாள் தவிப்புக்குப் பிறகு திடீரென்று அமைதியாகிவிடுவது ஆகியவற்றைக் கவனித்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படித் தோன்றிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இப்போதே 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற இந்த மத்திய அரசு சேவை 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. பக்கத்து அறையில் யாராவது இருந்தால் அவரையும் எழுப்புங்கள். யாருக்கும் தொந்தரவு இல்லை.

மனச்சிதைவு போன்ற பெரிய நோய் முதலில் எப்படித் தெரியும்?

கத்தலும் கூச்சலுமாக ஆரம்பிக்கும் என்று நாங்களும் நினைத்திருந்தோம். தம்பிக்குச் சாப்பாட்டில் ஆரம்பித்தது. டிப்ளமா இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். அம்மா பரிமாறும் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடையில் வாங்கின பிஸ்கட் பாக்கெட்டைத் தானே பிரித்துச் சாப்பிட்டான். தானே உரித்த வாழைப்பழம் சாப்பிட்டான். டயட் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம். அடுத்து ஜன்னல் கண்ணாடியில் பேப்பர் ஒட்டினான். நண்பர்கள் வந்தால் வெளியே வரமாட்டான். ராத்திரி முழுக்க அறைக்குள் நடக்கும் சத்தம் கேட்கும். மெதுவாக யாரிடமோ பேசுவான், போன் மேஜைமேல் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது: காதல் தோல்வி, அரியர், கண் திருஷ்டி.

பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் ஒருவர் படிப்படியாக ஒதுங்கி, படிப்பு சரிந்து, குளிப்பது குறைந்து, தன்னைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள் என்றோ யாரோ கண்காணிக்கிறார்கள் என்றோ சொன்னால் அது வயதுக் கோளாறாகவே இருக்கட்டும், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். சிகிச்சை இல்லாமல் கழியும் மாதங்கள் நீளநீளத் தேறுவதும் கடினமாகிறது. எட்டு மாதத்தை நினைத்து இன்றும் எனக்கு வலிப்பது இதனால்தான்.

சந்தோஷமாக, சுறுசுறுப்பாக இருப்பதும் நோயாக இருக்குமா?

இருக்கலாம். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு அலுப்பே இல்லாமல் எழுகிறார், பேச்சு நிற்பதில்லை, ஒரே வாரத்தில் மூன்று தொழில் தொடங்கத் திட்டம், நகையை அடகு வைத்துப் பணம், கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறார். ‘இப்பதான் இவனுக்குப் பொறுப்பு வந்திருக்கு’ என்று குடும்பம் மகிழ்ந்திருக்கும். மனம் சில காலம் உச்சத்துக்கும் சில காலம் அடியாழத்துக்கும் போகிற நோய் இருமுனைக் கோளாறு. அதன் ஏற்ற முகம் இப்படித்தான் வரும். முன்பு எப்போதாவது மனச்சோர்வு வந்தவராக இருந்தால் இன்னும் சீக்கிரம் காட்டுங்கள். கையெழுத்துப் போடும் பத்திரம், வங்கி அட்டை இரண்டையும் அதுவரை பத்திரப்படுத்துங்கள்.

யாரிடம் போவது? கவுன்சிலரா, டாக்டரா?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் எம்.டி.யோ டி.பி.எம்.மோ படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர் அவர். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியான சிகிச்சையும் சோதனைகளும் செய்வார், மருந்து எழுதமாட்டார்; அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்கலாம். மூன்று நாள் பயிற்சி முடித்து போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள், ஆகவே கேட்பதில் தப்பில்லை. எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் மருத்துவரிடமே தொடங்குங்கள்.

பணம் இல்லை என்பதற்காக நிற்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு சில தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாளில் வரும். எந்த நாள் என்று உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 1794-இல் தொடங்கிய நிறுவனம் அது. அந்த ஊர்ப் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அங்கே வெளிநோயாளியாக வந்து மருந்து வாங்கிக்கொண்டு மதியம் வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் அந்தச் சொல் வாயில் வராது.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போனால் சரியாகாதா?

போங்கள். எங்கள் அம்மாவும் தாயத்துக் கட்டினார், நான் தடுக்கவில்லை. நம்பிக்கை தரும் தெம்பு சின்ன விஷயமில்லை. ஆனால் மருந்தை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், கட்டிப்போடும் இடத்தில் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவுக்குப் பேர்போன ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பிறகு அதே ஏர்வாடியில் பிரார்த்தனையையும் மருத்துவத்தையும் சேர்த்து நடத்தும் ‘தவா துவா’ திட்டம் வந்தது. திருச்சி பக்கம் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கி வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அங்கும் கோயிலோடு சேர்ந்த மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. சாமியும் டாக்டரும் சண்டை போட்டுக்கொள்வதில்லை.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. மறைத்துக் கட்டிவைத்து, புது இடத்தில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட முடியாமல் நிறுத்தி, நோய் திரும்பி, இரண்டு வீடும் நொறுங்கியதை நான் ஒன்றுக்கு மேல் பார்த்துவிட்டேன். முதலில் சிகிச்சை. நன்றாகத் தேறிய பிறகு, சொல்லிவிட்டுச் செய்கிற கல்யாணம் நிலைக்கிறது.

மாத்திரை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விட முடியாதாமே? அடிமையாகிவிடுவோமா?

நோயைப் பொறுத்தது. மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். நலமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். பத்து நாளில் பலன் இல்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அது போதைப் பழக்கம் உண்டாக்கும் மருந்தும் இல்லை. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு இரண்டுக்கும் நீண்ட காலம் தேவைப்படும், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் சாப்பிடுவது மாதிரி. பழக்கமாகிவிடும் ஆபத்து உள்ளவை அல்பிரசோலம் மாதிரியான தூக்க மாத்திரைகள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வருடக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்கள் பலர். அதையும் தானாகத் திடீரென்று நிறுத்தாமல், டாக்டரிடம் சொல்லிக் குறையுங்கள்.

வரவே மாட்டேன் என்கிறார். எப்படிக் கூட்டிப் போவது?

‘உனக்குப் பைத்தியம், வா’ என்றால் யார் வருவார்? அவருக்கே தொந்தரவாக இருக்கும் ஒன்றைப் பிடியுங்கள். தம்பிக்குத் தூக்கம் இல்லை. “தூங்காம உடம்பு போயிடுச்சேடா, அதுக்கு மட்டும் காட்டிட்டு வருவோம், நானும் கூட வர்றேன்” என்று நாலு நாள் சொன்னேன். வந்தான். பொய் சொல்லிக் கூட்டிப் போயிருந்தால் இரண்டாம்முறை வந்திருக்கமாட்டான்.

சாம்பாரில் மாத்திரையைப் பொடித்துக் கலந்துவிடச் சொன்னார் ஓர் உறவினர். சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்பதுதான் அவனுடைய பயமே. நல்லவேளை, செய்யவில்லை.

கட்டாயம் தேவைப்படும் அளவுக்கு ஆபத்து இருந்தால், குடும்பத்தார் வேண்டுகோளில் சேர்க்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மருத்துவர்கள் பரிசோதித்து முடிவு செய்வார்கள். அவர் வராவிட்டால் முதலில் நீங்கள் மட்டுமாவது போய் டாக்டரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

வெளியே தெரிந்தால் வேலை, வரன் எல்லாம் போய்விடுமே? போலீஸ் கேஸ் ஆகுமா?

மருத்துவர் உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்றும் சொல்கிறது. கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போகாதீர்கள். உடல்நோய்களுக்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். அக்கம்பக்கத்துப் பேச்சுக்குச் சட்டத்தில் மருந்து இல்லைதான். பெங்களூரில் உள்ள மத்திய அரசு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை அப்போது இருந்தது. உங்கள் தெருவில் பத்துப் பேரை எண்ணினால் ஒருவர். அவரும் உங்களுக்குப் பயந்து சொல்லாமல் இருக்கலாம்.

முதல் நாள் போகும்போது என்ன கொண்டுபோவது?

இதுவரை பார்த்த வைத்தியச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும், நாட்டு மருந்து உட்பட. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்திருந்தால் அந்த விவரம். குடி, புகை, கஞ்சா இருந்தால் மறைக்காதீர்கள். கூட இருந்து பார்க்கிற ஒருவர் போக வேண்டும், ஊரிலிருந்து வந்த பெரியப்பா போதாது. டாக்டர் நோயாளியோடு தனியாகவும் பேசுவார், அப்போது வெளியே உட்காருங்கள். எப்போது ஆரம்பித்தது என்பதைத்தான் முதலில் கேட்பார், நமக்கு அதுதான் மறந்துபோயிருக்கும். ஆகவே எழுதி எடுத்துப் போங்கள்.

எங்கள் அம்மா எழுதிவைத்திருந்தார், எங்களுக்கே தெரியாது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், பென்சிலால்: ‘இட்லி வேண்டாம்னுட்டான். பிஸ்கட்.’ ‘ராத்திரி விளக்கு எரிந்தது.’ ‘இன்னைக்கும் குளிக்கல.’ ரப்பர் பேண்டு போட்ட அந்தக் கட்டை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் ஒவ்வொரு தாளாகத் திருப்பி, அடியில் இருந்த ஆடி மாதத் தாளில் நிறுத்தி, தேதியைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.